புன்னைக்காயலின் கைதி: அண்டிரிக்கிப் பாதிரியாரும் போர்க்காலத்தில் பிறந்த தமிழ் அச்சும்

1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வெளிவந்தபோது அதைத் தமிழில் எழுதியவருக்கு வயது 58. தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் இன்று கையில் கிடைப்பவற்றுள் மிகப் பழையது அந்தப் பதினாறு பக்கச் சிறுநூல்தான். அதன் ஆசிரியரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய இலக்கணத்தையும் அச்சுப் பணியையும் விரிவாகப் பேசுவார்கள். 1553இல் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் அவர் போர்க்கைதியாகப் பிடிபட்டு, பணயத்தொகை கொடுத்து மீட்கப்பட்டவர் என்ற செய்தி மட்டும் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் பின்னால் வந்த நூல்கள் ஏன் அந்த வடிவத்தில் வந்தன என்பது விளங்காது என்று நான் கருதுகிறேன்.

அவர் பெயர் என்ரிக்கே என்ரீக்கஸ். தம் நூல்களில் அவர் அண்டிரிக்கிப் பாதிரியார். இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

நாசரேத்திலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் ஏறினால் கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி என்று நிலையங்கள் வரிசையாக வரும். ஆறுமுகநேரிக்கு வடகிழக்கே ஆத்தூரைத் தாண்டி ஆற்றுமுகத்தில் இருக்கிறது புன்னைக்காயல். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சில் அந்த ஊருக்கு இடம் கிடைத்ததில்லை. நாசரேத் சீர்திருத்த சபை ஊர். இங்கே அச்சு என்றால் 1713, தரங்கம்பாடி, சீகன்பால்கு என்றுதான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அதற்கு 135 ஆண்டுகளுக்கு முன்பே கூப்பிடு தூரத்துக் கடற்கரை மக்களுக்காகத் தமிழ்ப் புத்தகம் அச்சானது கத்தோலிக்கர் கதையாக ஒதுங்கிவிட்டது. சபைப் பிரிவினைகள் வரலாற்றையும் பங்குபோட்டுக்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அண்டிரிக்கி 1520இல் போர்ச்சுகலின் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தார். யூத மரபிலிருந்து கிறித்தவரான குடும்பம். அந்நாளைய போர்ச்சுகலில் இத்தகையவர்களைப் ‘புதிய கிறித்தவர்’ என்று தனியே அடையாளம் வைத்துச் சொல்வார்கள். எத்தனை தலைமுறை கழிந்தாலும் அந்தப் ‘புதிய’ போகாது. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தவரை இந்தப் பிறப்பைக் காரணம் காட்டியே வெளியேற்றினார்கள். கொயிம்பிராவில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545இல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. வேறொரு சபையின் அங்கியை ஏற்கெனவே அணிந்தவரைச் சேர்ப்பதற்கு விதி குறுக்கே நின்றது. அந்தத் தடையை நீக்கச் சிறப்பு அனுமதி பெற வேண்டியிருந்தது. 1546இல் கப்பலேறி கோவா வந்தார். அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அதன் பிறகு இந்தக் கரையை விட்டு அவர் நிலையாகப் போகவே இல்லை.

அவர் வந்து சேர்ந்த கரை அமைதியான கரையன்று. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், ஆலந்தலை, மணப்பாடு என்னும் ஏழு கடல்துறைகளின் செல்வம் கடலடியில் இருந்த முத்துச்சிப்பிப் பார்களில் கிடந்தது. சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடக்கும் ஆண்டில் தோணிகளும் குளியாட்களும் வணிகர்களும் திரண்டு கரை ஊராகிவிடும். சலாபத்தின் வருமானம் யாருக்கு என்பதே சண்டை. கடல் வணிகத்தில் வலுவாக இருந்த முஸ்லிம் மரைக்காயர்களுக்கும் பரதவர்களுக்கும் 1530களில் மூண்ட மோதலில் பரதவத் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரின் துணையை நாடினார்கள். பாதுகாப்புக்கு விலை ஞானஸ்நானம். 1536, 1537 வாக்கில் கரை முழுவதும் ஆயிரக்கணக்கில் மதம் மாறியது. 1538இல் வேதாளையில் கோழிக்கோட்டுக் கப்பற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தார்கள். நிலத்துப் பக்கமோ விசயநகரத்தின் படைகள். 1544இல் விட்டலராயரின் வடுகப் படை தெற்கே இறங்கியபோது கன்னியாகுமரிக் கரைக் குடிகள் கடலுக்குள் நின்ற பாறைகளில் ஏறிப் பசியோடு ஒளிந்து கிடந்தார்கள். இயேசு சபைக் குரு சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் கொண்டு புறப்பட்டதை அவருடைய கடிதங்கள் சொல்கின்றன. இந்தப் பூசல்களை மதச் சண்டையாகச் சொல்வது பின்னாளைய வழக்கம். எனக்குத் தெரிந்தவரை எல்லாத் தரப்பும் கணக்குப் பார்த்தது முத்தைத்தான்.

சவேரியாருக்குத் தமிழ் வராது. சில மந்திரங்களை மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் பண்ணி ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அண்டிரிக்கி வேறு வகை மனிதர். பல மாதங்கள் இரவும் பகலும் தமிழைத் தவிர வேறெதிலும் கருத்துச் செலுத்தாமல் கற்றார். பெயர்ச்சொற்கள் எப்படித் திரிகின்றன, வினை காலத்துக்கும் இடத்துக்கும் எப்படி மாறுகிறது என்று லத்தீன் இலக்கண முறையில் தாமே குறித்துக்கொண்டார். 1548 அக்டோபர் இறுதியில் வேம்பாற்றிலிருந்து லொயோலா இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இந்த முயற்சியைச் சொல்கிறார். முன்பு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த மந்திரங்களில் பொருட்பிழைகள் இருப்பதையும் அவர் கண்டுபிடித்துத் திருத்தினார். 1549 வாக்கில் ‘மலபார் மொழியின் இலக்கணம்’ கையெழுத்துப் படியாக உருவாகிவிட்டது. போர்த்துக்கீசியர் தமிழை மலபார் மொழி என்றே அழைத்தார்கள். ஜொவான் தெ பாரோஸ் 1540இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணம் அதற்கு மாதிரி. புலவர்களின் செய்யுள் நடையை விட்டுவிட்டுக் கடற்கரை வீடுகளிலும் தோணிகளிலும் புழங்கிய பேச்சை இலக்கணமாக்கிய நூல் அது. அதுதான் அதன் பலம். ஐரோப்பிய மொழியொன்றில் எழுதப்பட்ட முதல் தமிழ் இலக்கணமும் அதுவே.

அந்த 1549இலேயே முதல் அடி விழுந்தது. கரையின் தலைமைக் குருவாக இருந்த இத்தாலியர் அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் வடுகப் படையினரால் கொல்லப்பட்டார். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களிடம் அங்கிருந்த போர்த்துக்கீசியத் தளபதி வரி பிடுங்கியதுதான் படையை வரவழைத்தது. தளபதியின் பேராசைக்குக் குரு உயிர் கொடுத்தார். அந்த இடத்துக்குச் சக குருக்கள் அண்டிரிக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 29. ஏறத்தாழ 27 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

நான்கே ஆண்டுகளில் அவர் முறை வந்தது. புன்னைக்காயல் அப்போது இந்தக் கரையில் போர்த்துக்கீசியரின் தலைமையிடம். கோட்டை என்று சொல்லும்படி ஏதும் பெரிதாக இல்லை. தளபதி மனுவேல் ரொட்ரிகஸ் கொத்தீன்யோவின் கையில் இருந்த வீரர்களும் சொற்பம். 1553இல் மலபாரின் கடற்படைத் தலைவர் இரப்பாலியின் கப்பல்கள் கடல் வழியே வந்தன. துருக்கியரும் அதில் இருந்தார்கள். அதே நேரத்தில் நிலத்து வழியே வடுகப் படை வந்தது. ஒருவரோடொருவர் பேசி முடித்துக்கொண்டு வந்த தாக்குதல் அது. சிறிய காவற்படையால் இரண்டு பக்கமும் தாங்க முடியவில்லை. ஊர் வீழ்ந்தது. தளபதியும் போர்த்துக்கீசியக் குடிகளும் சிறைப்பட்டார்கள். அவர்களோடு அண்டிரிக்கியும் சிறைப்பட்டார்.

கொச்சியில் செய்தி தெரிந்ததும் கீல் பெர்னாந்தஸ் தெ கர்வாலியோ என்பவர் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். முதல் மோதலில் மீட்புப் படையிலேயே ஒரு கப்பல் சிக்கி அழிந்தது. பின்னர் கடலில் இரப்பாலியின் படை தோற்றது. கடலில் வென்றாலும் கைதிகள் நிலத்தில், வடுகத் தலைவர்களின் பிடியில் இருந்தார்கள். பேரம் பேசிப் பணம் கொடுத்த பிறகே விடுதலை கிடைத்தது. அந்தக் காலத்துப் போரில் கைதி என்பவன் சரக்கு. கொல்வதைவிட விற்பது லாபம். குருவுக்கும் தளபதிக்கும் கிடைக்கும் விலை கூடுதலாக இருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இனி அண்டிரிக்கியின் மௌனத்துக்கு வருவோம். சிறையிலிருந்து உயிர் பிழைத்த எழுத்தாளர்கள் பலருக்குச் சிறையே எழுத்தாகிவிடும். செர்வான்டஸ் 1575இல் கடலில் பிடிபட்டு அல்ஜியர்ஸில் ஐந்தாண்டு கிடந்தார். 1580இல் பணம் கட்டி மீட்டார்கள். ‘தோன் கிஹோத்தே’யில் ஒரு கைதி தன் கதையைத் தானே சொல்லும் பகுதி அந்த அனுபவத்தில் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், கொல்லத்தில் தமிழ் எழுத்து வார்த்துக்கொண்டிருந்தபோது அவர் இன்னும் அல்ஜியர்ஸில்தான் இருந்தார். இராபர்ட் நாக்ஸ் கண்டி அரசனின் கைதியாக ஏறத்தாழ இருபது ஆண்டு இருந்தார். 1679இல் தப்பி அவர் வந்து சேர்ந்த இடம் மன்னார்க் கரையின் அரிப்பு. அதுவும் முத்துக் குளிக்கும் கரைதான். இரண்டே ஆண்டில் இலண்டனில் அவர் நூல் வந்தது. அண்டிரிக்கியோ தாம் கைதியாக இருந்ததை நூலாக்கவில்லை. அவர் அச்சிட்ட எந்தப் பக்கத்திலும் 1553 இல்லை. சபைத் தலைமைக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் ரோமாபுரி ஆவணங்களில் கிடந்து, ஜோசப் விக்கி பதிப்பித்த ‘தொகுமெந்தா இந்திகா’ தொகுதிகளில் 1948 முதல் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

தம் கதையை அவர் சொல்லாததற்குத் துறவியின் அடக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. சிறை அவருக்கு வேறொன்றைக் கற்பித்தது, அது அவர் செயலில் இருக்கிறது என்பதே என் வாதம். நூற்றைம்பது கிலோமீட்டர் நீளத்தில் கிடக்கும் கரைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குருக்கள். அவர்களில் ஒருவர் கொல்லப்படுகிறார், இன்னொருவர் சிறைபோகிறார். குரு இல்லாத நாளில் ஊர் என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு அண்டிரிக்கி தேடிய விடைகள் எல்லாமே குருவைச் சாராத ஏற்பாடுகள். ஊருக்கொரு கணக்கப்பிள்ளை கோயிலில் மந்திரம் சொல்லிக்கொடுத்தார், சாகும் தறுவாயில் இருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இந்த ஆட்களின் சம்பளத்துக்கு வந்த பணத்தின் கதையும் சுவையானது. பரதவர் கட்டிய முத்துவரியில் ஒரு பகுதி போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதை மறைக்கல்விக்கு விட்டுக்கொடுக்கும்படி சவேரியார் கேட்டு வாங்கியிருந்தார். புன்னைக்காயலில் மருத்துவமனை எழுந்தது. இல்லறத்தாரின் பக்திச் சபை உருவானது. புதிதாக வரும் குருக்கள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும், போர்த்துக்கீசியம் பேசினால் தண்டனை என்ற விதியும் இருந்தது. தமிழ் கற்பிக்க மன்னாரிலோ புன்னைக்காயலிலோ ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டும் என்று அவர் எழுதியதும் இந்த வரிசையில்தான் சேரும்.

1553க்குப் பிறகும் போர் ஓயவில்லை. 1560இல் மதுரை விசுவநாத நாயக்கரின் படை புன்னைக்காயலைத் தாக்கியது. போர்த்துக்கீசிய ஆளுநர் மன்னாரில் கோட்டை கட்டி, கரைக்குடிகளை அங்கே பெயர்த்துக் கொண்டுபோக முயன்றார். பெயர்ந்தவர்களோடு அண்டிரிக்கியும் மன்னாரில் சில காலம் இருந்தார். ஊரே இடம் மாறும் நிலையில் கோயில் கட்டடத்தை நம்ப முடியாது. மடியில் கட்டிக்கொண்டு தோணியேறக்கூடிய ஒன்று வேண்டும். பதினாறு பக்கப் புத்தகம் அப்படிப்பட்டது.

இடையில் ஒரு செய்தி. அண்டிரிக்கி சிறைப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, 1554 பிப்ரவரியில், லிஸ்பனில் தமிழ் மந்திரங்கள் அடங்கிய ஒரு நூல் அச்சானது. தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருந்தன, கறுப்பும் சிவப்புமாக. அதை ஆக்கியவர்கள் விசென்தே தெ நசரேத், ஜோர்ஜே கர்வாலியோ, தோமா தா குருஸ் என்ற மூன்று தமிழர்கள். ஞானஸ்நானப் பெயரில் ஒளிந்துகொண்ட இந்த மூவரும் எந்தத் துறையிலிருந்து கப்பலேறினார்கள் என்று ஆராய்ந்தால் நம் அச்சு வரலாற்றின் முதல் பக்கம் மாறும். முதலாமவர் பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாட வேண்டாம். இந்த ஊருக்கு நாசரேத் என்ற பெயர் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

லிஸ்பன் நூல் கரைக்கு உதவவில்லை. ரோமன் எழுத்தில் தமிழ் படிக்கக் கரையில் யார் இருந்தார்கள்? தமிழ் எழுத்தே வேண்டியிருந்தது. 1574இல் கீழ்நாட்டுப் பணிகளைப் பார்வையிட வந்த அலெசாந்திரோ வலிஞ்ஞானோ அச்சில் நாட்டமுள்ளவர். அண்டிரிக்கியின் நிருவாகச் சுமை 1576இல் இறங்கியது. எழுத நேரம் கிடைத்தது. ஜொவான் கொன்சால்வஸ் 1577இல் கோவாவில் தமிழ் எழுத்துகளை வார்த்தார். அவை திருப்தி தரவில்லை போலும். மறு ஆண்டே கொல்லத்தில் ஜொவான் தெ பாரியா புதிதாக வார்த்தார். ‘தம்பிரான் வணக்க’த்தின் இறுதிப் பக்கத்தில் இரண்டு வகை எழுத்துகளும் இடம், ஆண்டுக் குறிப்போடு காட்டப்பட்டிருக்கின்றன. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஏட்டில் எழுதியதுபோலவே அச்சும் இருந்தது. நூலாக்கத்தில் மனுவேல் தெ சாம் பேத்ரு என்ற குருவும் துணைநின்றார். செலவுக்குக் கரைவாழ் மக்கள் பணம் கொடுத்தார்கள். தமிழில் முதல் புத்தகங்களுக்குப் புரவலர்கள் அரசரோ ஆதீனமோ அல்லர், குளியாட்களும் சம்மாட்டிகளும். நம் பாடநூல்கள் கொட்டை எழுத்தில் சொல்ல வேண்டியது இதுதான்.

1579 நவம்பரில் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. மார்க்கோஸ் ஜோர்ஜே எழுதிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம். ஆசிரியர் கேட்க, மாணவர் விடை சொல்லும் அமைப்பு. குரு இல்லாமலே கணக்கப்பிள்ளை ஒருவர் நடத்திக்கொண்டு போகக்கூடிய வடிவம் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்து வந்தது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் ‘கொம்பெசியோனாயரு’. குருவைத் தேடிப் போகும் முன் தன் மனத்தைத் தானே ஆராய்ந்து வைத்துக்கொள்ள உதவும் நூல். 1586இல் எல்லாவற்றிலும் பெரிது, ‘பிளோஸ் சாங்தோரும்’. 669 பக்கங்களில் புனிதர்களின் வரலாறு.

அந்தக் கடைசி நூலில்தான் நான் தயங்கி நிற்கிறேன். புனிதர் வரலாறு என்பதே பாதி சிறைக்கதை. பிடிக்கிறார்கள், விசாரிக்கிறார்கள், கட்டுகிறார்கள், கொல்கிறார்கள். அந்த வகை நூல் ஐரோப்பா முழுவதும் புழங்கியதுதான், அண்டிரிக்கி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 66 வயதில் ஓர் ஆள் அத்தனை சிறைக்காட்சிகளையும் தமிழில் எழுதும்போது, தம் கண்ணால் பார்த்த சிறை அவர் சொல்லுக்குள் வராமல் இருந்திருக்குமா? காவலாளியின் பேச்சு, கைதியின் பசி, பேரம் பேசும் தொனி ஆகிய இடங்களை மட்டும் எடுத்து ஐரோப்பிய மூலங்களோடு ஒப்பிட்டால் ஏதாவது கிடைக்கும் என்றே நினைக்கிறேன். முடிவு எதுவானாலும் அந்த ஒப்பீடு செய்யத்தக்கது.

இவரைத் தமிழுக்கு வந்த தேவதூதராகக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த நிலத்தின் வழிபாடுகளை அவர் பேயின் வேலை என்றே எண்ணினார். தமிழைக் கற்றது மதம் மாற்றவும் மாறியவர்களைக் கட்டிக்காக்கவும்தான். அவரைக் காத்த ஆட்சியே கரையில் பகையை மூட்டியது என்பதை வேதாளைச் சம்பவம் காட்டியிருந்தும் அவர் அந்த ஆட்சியோடுதான் நின்றார். ஆனாலும் ஏட்டில் எழுதத் தெரிந்தவர்களின் சொத்தாக இருந்த மொழியைக் குளியாட்களின் பேச்சிலேயே அச்சேற்றியவர் அவர். இரண்டையும் சேர்த்தே அவரை எடைபோட வேண்டும்.

அவரைக் கடைசிவரை துரத்தியது அவருடைய பிறப்பு. யூத மரபினர் எவரையும் இனிச் சேர்ப்பதில்லை என்று 1593இல் இயேசு சபையின் பொதுப்பேரவை ஆணையிட்டது. 46 ஆண்டுகளாகச் சபைக்காக இந்தக் கரையில் உழைத்த முதியவர் அப்போது உயிரோடிருந்தார். இளைஞராக இன்னொரு முறை வந்து கதவைத் தட்டியிருந்தால் அவருடைய சபையே அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும்.

1600 பிப்ரவரியில் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பின் தமிழ் அச்சு மெலிந்தது. 1679இல் அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோஎன்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி வந்தது. பிறகு தரங்கம்பாடிவரை பெரிதாக ஒன்றுமில்லை. அண்டிரிக்கியின் நூல்கள் இந்தக் கரையிலிருந்து மறைந்தே போயின. ‘தம்பிரான் வணக்கம்’ இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ‘பிளோஸ் சாங்தோரும்’ வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைத் தனிநாயகம் அடிகள் 1954இல் கண்டறிந்தார். ச. இராசமாணிக்கம் அடிகள் அதை 1967இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியே பதிப்பித்தார். லிஸ்பனில் கிடந்த இலக்கணக் கையெழுத்துப் படியை 1982இல் ஹான்ஸ் வெர்மீர் வெளியிட்டார். ஜீன் ஹெய்னும் வி. எஸ். ராஜமும் சேர்ந்து மொழிபெயர்த்து ஆராய்ந்த பதிப்பு 2013இல் வந்தது. இனித் தேவைப்படுவது அவருடைய கடிதங்களின் தமிழாக்கம். போர்த்துக்கீசியம் தெரிந்த ஆய்வாளர் ஒருவரும் கடற்கரைப் பேச்சு தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால், 1548 முதல் 1560வரையுள்ளவற்றிலிருந்து தொடங்கலாம். 1553ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் அந்தப் பகுதிக்குள்தான் வருகின்றன.